200 கிரெயின் குண்டு ஏன் படுத்துக்கொண்டு போனது?

கேள்வி: ஐயா, நான் லண்டனுக்கு மேற்கே இருக்கிறேன். இரண்டு வருடமாக பிஸ்லி துப்பாக்கிச் சுடும் மைதானத்தில் ஒரு கிளப் மூலமாகச் சுடுகிறேன். போன வருடம் ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவரிடம் .308 டார்கெட் ரைஃபிள் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 155 கிரெயின் குண்டு போட்டு 600 கெஜம் வரை நன்றாகவே சுடுகிறேன். 900, 1000 கெஜத்துக்குப் போனால் காற்று என்னைக் கேலி செய்கிறது. "கனமான குண்டு போடு, காற்று தள்ளாது" என்று கிளப்பில் சொன்னார்கள். 200 கிரெயின் ஹைப்ரிட் (ஒல்லியான நீண்ட மூக்கு வகை) குண்டு இரண்டு பெட்டி வாங்கி, நண்பர் சொன்ன அளவில் பவுடர் போட்டு 100 கெஜத்தில் ஐந்து சுட்டேன். மூன்று துளைகள் வட்டமாக இல்லை, சாவித் துவாரம் மாதிரி நீளமாக இருந்தன. பவுடரைக் கூட்டி வேகமாக அனுப்பினால் சரியாகுமா? எந்தப் பவுடர், எத்தனை கிரெயின்? அடுத்த வருடம் தொலைநோக்கியும் தாங்கியும் வைத்துச் சுடும் எஃப்-டி.ஆர். பிரிவில் இறங்க ஆசை.

பதில்:

முதலில் ஒன்றைச் செய்துவிடுங்கள். அந்த 200 கிரெயின் தோட்டாக்களில் மிச்சம் இருப்பதைத் தனி டப்பாவில் போட்டு, "சுடக்கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள். 100 கெஜத்திலேயே பக்கவாட்டில் குத்துகிற குண்டு 1000 கெஜத்தில் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மைதானத்தின் பாதுகாப்பு எல்லையெல்லாம் மூக்கு முன்னால் பறக்கும் குண்டை நம்பிப் போட்டது. பிஸ்லியின் நெடுந்தூரத் தளமான ஸ்டிக்கிள்டவுனுக்கு அந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. 155 போட்டால் 600 வரை நன்றாகப் போகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் குழல் தேய்ந்துபோகவில்லை, வாய் அடிபடவில்லை. குழலும் நல்லது, குண்டும் நல்லது. இரண்டுக்கும் பொருத்தம்தான் இல்லை.

பம்பரம் விட்ட கையென்றால் உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். குட்டைப் பம்பரம் கொஞ்சம் சுழற்சியிலேயே ஆடாமல் நின்று சுற்றும். உயரமான, ஒல்லியான பம்பரத்துக்குச் சாட்டையை இழுத்து விட வேண்டும், இல்லாவிட்டால் தலையை ஆட்டிக்கொண்டு சாய்ந்துவிடும். குண்டும் அப்படியே. குழலுக்குள் திருகு மாதிரி வெட்டியிருக்கும் புரிதான் சாட்டை. 1:13 புரி என்றால் குண்டு 13 அங்குலம் போவதற்குள் ஒரு முழுச் சுற்று. 1:10 என்றால் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. புரியைக் கேட்பது குண்டின் எடை இல்லை, நீளம். எடையைப் பார்ப்போம். 155 கிரெயின் என்பது 10 கிராம், நம் கணக்கில் ஒன்றேகால் பவுன். 200 கிரெயின் 13 கிராம், ஒன்றரைப் பவுனுக்குச் சற்று மேல். இரண்டுக்கும் விட்டம் ஒன்றுதான், .308 அங்குலம். அகலத்தில் போக முடியாத எடை நீளத்தில்தானே போகும்! 200 கிரெயின் ஹைப்ரிட் குண்டு ஏறக்குறைய ஒன்றரை அங்குல நீளம். கிட்டத்தட்ட ஐந்து குண்டு அகலம்.

இது பிஸ்லிக்காரர்களுக்குப் புதிய பாடம் இல்லை. 1860-ல் விம்பிள்டன் மைதானத்தில், இன்று பிஸ்லியை நடத்தும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா ராணி ஒரு கயிற்றை இழுத்துத் தொடங்கி வைத்தார். கயிற்றின் மறுமுனையில் தாங்கியில் பூட்டியிருந்தது விட்வொர்த் ரைஃபிள். அன்றைய பட்டாளத்தின் என்ஃபீல்டு துப்பாக்கி .577 விட்டம், அதன் புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் ஏறக்குறைய அதே எடையை, சுமார் 530 கிரெயினை, .451 விட்டத்துக்கு ஒடுக்கி நீட்டினார். புரியை 20 அங்குலத்துக்கு இறுக்கினார். தூரத்தில் என்ஃபீல்டு அதன் பக்கத்தில்கூட வரவில்லை. எடை ஒன்றுதான், நீளம் மாறியது, அதனால் புரி மாறியது. உங்கள் இலக்கு அட்டையில் விழுந்த மூன்று துளைகளும் இதே கதையைத்தான் பின்னாலிருந்து சொல்கின்றன.

நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒரே எண், எனக்கு வேண்டிய ஒரே எண்: உங்கள் குழலின் புரி என்ன? டார்கெட் ரைஃபிள் பிரிவுக்கென்று குழல் போட்டிருந்தால் பெரும்பாலும் 1:13 இருக்கும், சில 1:14. ஊகித்துக்கொண்டு உட்கார வேண்டாம், அளந்துவிடலாம். நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பட்டறை தொடங்கிய புதிதில், குழலின் அடியில் 1:12 என்று குத்தியிருந்ததை நம்பி ஒருவருக்குக் குண்டு சிபாரிசு செய்தேன். இரண்டு மாதம் அவர் என்னைத் திட்டிய பிறகு அளந்து பார்த்தால் 13-க்குப் பக்கத்தில் இருந்தது. குழல் செய்தவர் மேல் பாதி தப்பு, அளக்காத என் மேல் பாதி.

போல்ட்டை (பின்பக்கப் பூட்டை) கழற்றிவிடுங்கள், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி தாராளமாகச் சுழலும் கிளீனிங் ராடு வேண்டும். அதன் முனையில் கொஞ்சம் இறுக்கமாக ஒரு துணித் துண்டு. ராடைக் குழலுக்குள் சில அங்குலம் தள்ளி, புரி பிடித்துக்கொண்டது என்று தெரிந்ததும் நிறுத்துங்கள். ராடின் மேல்பக்கத்தில் ஒரு சின்ன டேப் துண்டைக் கொடி மாதிரி நிமிர்த்தி ஒட்டுங்கள். ராடு எங்கே ரைஃபிளுக்குள் நுழைகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு. இப்போது மெதுவாகத் தள்ளுங்கள். கொடி சாய்ந்து, கீழே போய், மறுபக்கம் ஏறி, மறுபடி நேராக நிற்கும். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே எத்தனை அங்குலமோ அதுதான் உங்கள் புரி. மூன்று தடவை செய்யுங்கள். துணி வழுக்கினால் ஒரு தடவை தப்பாக வரும்.

அது 13 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். டான் மில்லர் என்பவரின் சூத்திரம் இந்தத் தொழிலில் எல்லோரும் பயன்படுத்துவது. அதில் வரும் எண் 1-க்குக் கீழே போனால் குண்டு நிலைக்காது, கவிழும். 1.5 இருந்தால் நிம்மதி. நடுவில் இருந்தால், பறக்கும், ஆனால் லேசாகத் தலையாட்டிக்கொண்டே பறக்கும். 200 கிரெயின் ஹைப்ரிட், 1:13 குழல்: 0.95-க்குச் சற்றுக் கீழே வருகிறது. 1:12 என்றாலும் 1.1 தான். 1:10 போட்டால் 1.6. ஐந்தில் மூன்று கவிழ்ந்து இரண்டு தப்பியது என்று எழுதியிருக்கிறீர்களே, விளிம்பில் நிற்கும் குண்டு அப்படித்தான் நடந்துகொள்ளும். குளிர்காலத்தில் காற்று அடர்த்தியாக இருக்கும்போது ஐந்தும் கவிழ்ந்திருக்கும்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி. பவுடரைக் கூட்டினால் சரியாகுமா? ஆகாது. வேகத்தைக் கூட்டினால் சுழற்சியும் கூடும் என்பது உண்மைதான், ஆனால் வேகம் கூடும்போது காற்று குண்டைக் கவிழ்க்கும் பலமும் கூடிவிடுகிறது. கடைசியில் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மில்லர் கணக்கில் வேகத்தை 10 சதவீதம் ஏற்றினால் அந்த எண் 3 சதவீதம் ஏறும். புரியை 13-லிருந்து 10-க்கு இறுக்கினால் 69 சதவீதம் ஏறுகிறது. 200 கிரெயின் குண்டில் 10 சதவீத வேகத்தைத் தேடிப் போனால் குண்டு நிமிர்வதற்கு முன் உங்கள் போல்ட் இறுகி நிற்கும்.

அந்த நண்பர் சொன்ன அளவு இருக்கிறதே, அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. அவர் ரைஃபிளில் அது பத்திரமாகவே இருக்கலாம். அவர் சேம்பருக்கு முன்னால் நீண்ட குண்டுக்காக நீண்ட தொண்டை குடைந்திருப்பார்கள். உங்களுடையது 155-க்குக் குடைந்த குட்டைத் தொண்டை. அதில் ஒன்றரை அங்குலக் குண்டைப் பொருத்த வேண்டுமென்றால் அதன் பின்பாதியைப் பித்தளைத் தோட்டா உறைக்குள் அமுக்க வேண்டும். பவுடர் இருக்க வேண்டிய இடத்தைக் குண்டின் வால் பிடித்துக்கொள்ளும். அதே பவுடர், சின்ன அறை, பெரிய அழுத்தம். அதனால்தான் நான் "இத்தனை கிரெயின் போடுங்கள்" என்று இங்கே எழுதப்போவதில்லை. பார்க்காத சேம்பருக்கு அளவு சொல்வது, பார்க்காத நோயாளிக்கு மருந்து எழுதுவது மாதிரி. குண்டு செய்தவரும் பவுடர் செய்தவரும் வெளியிடும் கையேடுகளில் தொடக்க அளவும் உச்ச அளவும் போட்டிருப்பார்கள். தொடக்க அளவில்தான் தொடங்க வேண்டும், அதற்கு மாற்று கிடையாது.

மிச்சமுள்ள தோட்டாக்களைச் சுத்தியல் மாதிரி இருக்கும், குண்டைப் பிடுங்கும் புல்லரில் தட்டிப் பிரித்துவிடலாம். குண்டும் பித்தளையும் திரும்பக் கிடைக்கும். பவுடரைப் பழைய டப்பாவில் கொட்டலாமா என்றால், அது எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று நூறு சதவீதம் உறுதி இருந்தால் மட்டும். சந்தேகம் இருந்தால் அந்த ஒரு கைப்பிடிப் பவுடருக்காக ஆசைப்படாதீர்கள்.

சரி, கனமான குண்டு உண்மையிலேயே காற்றை வெல்லுமா? கிளப்பில் சொன்னது பொய் இல்லை. 155 கிரெயின் ஃபுல்போர் வகைக் குண்டை வினாடிக்கு 2950 அடி வேகத்தில் விடுகிறோம். 200 ஹைப்ரிட்டை அதே துப்பாக்கியில் 2650-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வாயிலிருந்து கிளம்பும்போது சின்னவன் 300 அடி முன்னிலை. ஆனால் 600 கெஜம் வரும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், 1880 அடிப் பக்கம், போய்க்கொண்டிருக்கும். 1000 கெஜத்தில் 155 சுமார் 1290, 200 சுமார் 1450. மொத்தப் பயண நேரம் இரண்டுக்கும் ஒன்றரை வினாடிதான், கிட்டத்தட்ட சமம்.

நேரம் சமம் என்றால் காற்றும் சமமாகத்தானே தள்ள வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. குண்டு எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது என்பதைவிட, வேகம் இழந்ததால் எவ்வளவு நேரம் தாமதமானது என்பதுதான் விலகலைத் தீர்மானிக்கிறது. 155 நிறைய இழந்து தாமதமாகிறது, 200 குறைவாக இழக்கிறது. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 1000 கெஜத்தில் 155 சுமார் 90 அங்குலம் விலகும், 200 சுமார் 70. இருபது அங்குலம் லாபம், இரண்டு மினிட்டுக்கு (ஒரு மினிட் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கொஞ்சம் கீழே. சின்ன லாபம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த லாபத்தைக் கொடுப்பது எடை என்று நினைத்தால் மறுபடி ஏமாறுவீர்கள். கடைத் தட்டில் பார்க்க வேண்டிய எண் பி.சி., அதாவது காற்றை எவ்வளவு லேசாகக் கிழிக்கிறது என்பதற்கான மதிப்பெண். இந்த மாதிரி நீண்ட குண்டுகளுக்கு, அவற்றின் வடிவத்தை ஒத்த மாதிரிக் குண்டை வைத்துப் போட்ட ஜி7 அளவில் பார்ப்பதுதான் சரி. 155.5 ஃபுல்போர் ஜி7-ல் சுமார் 0.24. பட்டாளத்துக்காரர்கள் நெடுநாள் நம்பிய 175 கிரெயின் சியரா மேட்ச்கிங்கும் சுமார் 0.24 தான்! இருபது கிரெயின் அதிகம் சுமந்து, வேகத்தை இழந்து, அதே இடத்தில் நிற்கிறது. 200 ஹைப்ரிட் சுமார் 0.33. மூக்கின் வளைவும் வாலின் கூம்பும் செய்கிற வேலை அது. எடை கூடவே வருகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு குண்டு, 168 மேட்ச்கிங். 300 மீட்டர் போட்டிக்காகச் செய்தது, அந்தத் தூரத்தில் தங்கம். வால் கொஞ்சம் செங்குத்தாக ஒடுங்குவதால் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடுமாறும். 1000 கெஜத்தில் அதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! 155-ஐவிட கனம்தானே என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது, கிளப்பில் யாரும் உங்களிடம் சொல்லாத விஷயம். நீங்கள் வாங்கியிருப்பது டார்கெட் ரைஃபிள். மேல்கையில் பட்டை மாட்டி, துளைப் பார்வை வழியாகச் சுடும் பிரிவு. அதன் சர்வதேச விதியில் .308 குண்டு 156 கிரெயினுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஜூலை மாதம் பிஸ்லியில் நடக்கும் பெரிய போட்டியில் டார்கெட் ரைஃபிளுக்குத் தோட்டாவை நடத்துபவர்களே கொடுக்கிறார்கள், அதுவும் 155 தான். அதன் உச்சப் பரிசான ராஜா பரிசின் இறுதிச் சுற்று 900 கெஜத்தில் 15 குண்டு, 1000-ல் 15 என்று ஸ்டிக்கிள்டவுனில் நடக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போவார்களே அந்த வெற்றியாளர், உங்கள் கையில் இருக்கும் அதே வகைக் குண்டை வைத்துத்தான் ஜெயிக்கிறார். பக்கத்தில் படுத்துச் சுடுபவருக்கும் அதே குண்டு, அதே காற்று. ஆகவே அந்தப் பிரிவில் நீங்கள் தொடர்வதாக இருந்தால் கனமான குண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

எஃப்-டி.ஆர். வேறு உலகம். கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்க்வார்சன் வயதான கண்ணுக்கும் நடுங்கும் கைக்கும் வழி செய்ய தொலைநோக்கியும் தாங்கியும் வைத்துச் சுடும் வகையைத் தொடங்கினார். அந்த 'எஃப்' அவர் பெயரின் முதல் எழுத்து. அதில் டி.ஆர். கிளைக்கு .308 அல்லது .223, குண்டு எடைக்கு வரம்பு இல்லை, தொலைநோக்கி, பைபாட் (இருகால் தாங்கி) எல்லாம் சேர்த்து ரைஃபிள் 8.25 கிலோவுக்குள். கனமான குண்டு அங்கேதான் குடியிருக்கிறது. பலகையும் பொல்லாதது: டார்கெட் ரைஃபிளில் 1000 கெஜத்துப் பலகையின் நடு வட்டம் சுமார் இரண்டடி அகலம், எஃப் பிரிவில் முழு மதிப்பெண் வளையம் ஒரு மினிட், பத்து அங்குலம் சொச்சம்.

இதற்காக ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் காற்றை 2 மைல் தப்பாகப் படித்தால் 155 பதினெட்டு அங்குலம் தள்ளிப் போகும், 200 பதினான்கு. எஃப் பலகையில் நடுவிலிருந்து ஐந்து அங்குலத்தில் வளையம் முடிந்துவிடுகிறது. இரண்டும் வெளியேதான்! ஆக, 200 போட்டவன் கொஞ்சம் குறைவாகத் தோற்கிறான். 2 மைல் தப்பை 1 மைலாகக் குறைத்துக்கொண்டவன் 155-ஐ வைத்தே 200-காரனை முந்துகிறான். காற்றுக் குறிப்பேடு வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொடியை மட்டும் பார்க்காமல் தொலைநோக்கியில் கானலையும் பாருங்கள். பிஸ்லியில் இது ரொம்ப முக்கியம்: மழை பெய்து கொடி நனைந்துவிட்டால் கனத்துத் தொங்கும், காற்று இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். ஒரே பலகையில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சுடும் பிஸ்லி முறையில் உங்கள் இரண்டு குண்டுகளுக்கு நடுவே காற்று மனம் மாற நிறைய அவகாசம் இருக்கிறது. அந்த இடைவெளியில் வாயைப் பொத்திக்கொண்டு கொடியை எழுதுங்கள்.

இந்தக் குழலில், இந்த வருடம், நான் உங்களுக்குச் சொல்வது 155 வகையிலேயே இருங்கள் என்றுதான். 185 ஒன்றை முயன்று பார்க்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். 1:13-ல் அது 1.2-க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. கவிழாது, வெயில் நாளில் துளைகள் அழகாக நெருங்கிக்கூட விழும். ஆனால் தலையாட்டிக்கொண்டு போவதால் பெட்டியில் அச்சிட்ட பி.சி. உங்களுக்குக் கிடைக்காது. அதற்காகத்தானே வாங்கினீர்கள்?

155-ல் உங்களிடம் இன்னும் எடுக்க வேண்டியது இருக்கிறது என்பது என் கணிப்பு, ஏனென்றால் 600 வரை நன்றாக இருந்து 900-ல் கெடுகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு வியாதி காற்று இல்லை, மேலும் கீழுமாகச் சிதறுவது. உங்கள் பழைய பலகைக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். இடம்-வலமாகச் சிதறியிருந்தால் காற்று. மேல்-கீழாக இருந்தால் தோட்டாவின் வேகம் ஒன்றுபோல இல்லை. 1000 கெஜத்தில் வினாடிக்கு 10 அடி வேக வித்தியாசம் இரண்டரை, மூன்று அங்குல உயர வித்தியாசம் ஆகிறது. 100 கெஜத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் 100 கெஜத்தில் நெருங்கி விழுந்த அழகான துளைகளைக் காட்டி யாராவது பெருமைப்பட்டால் நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

பவுடர் என்று கேட்டீர்களே, வகை மட்டும் சொல்கிறேன். பழைய அமெரிக்கக் கட்டுரைகளில் எல்லோரும் வார்கெட் என்று எழுதியிருப்பார்கள். அதில் சேர்த்திருந்த ஒரு வேதிப்பொருளுக்கு ஐரோப்பாவில் தடை வந்த பிறகு 2018 முதல் இங்கே அதைத் தேடி அலைய வேண்டாம். 155-க்கு வீட்டவூரி என்140 பல பேர் கையில் நல்ல பெயர் வாங்கியது. ரீலோட் சுவிஸ் வகையில் ஆர்.எஸ்.52-ஐப் பயன்படுத்துபவர்களும் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரே லாட் எண்ணில் கூடுதலாக வாங்கி வையுங்கள். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெயின் படியாக ஏறுங்கள், படிக்கு மூன்று தோட்டா. ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் தூக்கும் கனம், பிரைமரின் (பவுடருக்குத் தீ மூட்டும் குப்பியின்) முகம், பித்தளை அடியில் பளபளக்கும் தடம் இவற்றைப் பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அங்கேயே நிறுத்தி இறங்கிவிட வேண்டும், உச்ச அளவுக்கு இன்னும் இடம் இருக்கிறதே என்று புத்தகத்தைக் காட்டி வாதாடக்கூடாது. வேகமானியில் சிதறல் எங்கே சுருங்குகிறதோ அந்த இடத்தைப் பிடியுங்கள். அது உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

மழையைப் பற்றி ஒன்று. நனைந்த தோட்டாவையோ ஈரச் சேம்பரையோ வைத்துச் சுடாதீர்கள். சுடும்போது பித்தளை சேம்பர் சுவரைக் கவ்விப் பிடித்துத் தன் பங்குப் பாரத்தைச் சுமக்கிறது. நடுவில் தண்ணீர் இருந்தால் வழுக்கி முழுப் பாரமும் போல்ட்டின் மேல் வரும். வெயிலில் சாதுவாக இருந்த தோட்டா மழையில் முரடாவது இதனால்தான். தோட்டாப் பெட்டிக்கு ஒரு மூடி, கையில் ஒரு துண்டு, போதும்.

அப்புறம் பித்தளையின் கழுத்து. நாலைந்து முறை சுட்ட பித்தளை இறுகிப்போய் ஒவ்வொன்றும் குண்டை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். தட்டான் நகையைச் சூடு காட்டிப் பதமாக்குவது போல கழுத்தை மட்டும் பதப்படுத்தினால் வேகச் சிதறல் குறையும். அடிப்பாகத்துக்குச் சூடு ஏறவிடக்கூடாது, அங்கே பலம் போனால் ஆபத்து.

அடுத்த வருடம் எஃப்-டி.ஆர். உறுதி என்றால் குழலை மாற்றுங்கள், குண்டிலிருந்து தொடங்காதீர்கள். .308 குழல் ஐயாயிரம் சுற்று வரை தாங்கக்கூடியது. உங்களுடையது எத்தனை பார்த்திருக்கிறது என்று விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டிய காலம் நெருங்கியிருந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். 1:10 புரி கேளுங்கள். தொண்டை குடைவதற்கு முன், நீங்கள் போடப்போகும் குண்டைப் பொருத்திய, பவுடரும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். அதற்கு அளவாக அவர் குடைவார். இதைச் செய்யாமல் "கனக் குண்டுக்கு ஒரு குழல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் எந்த நீளத்துக்கு அவர் குடைவார் பாவம்?

எடையில் பேராசை வேண்டாம். ஒரு காலத்தில் எஃப்-டி.ஆர். ஆட்கள் 215, 230 கிரெயின் வரை போனார்கள். கணக்கில் அழகு. கையில் வேறு கதை: உதை கூடி, பைபாட் துள்ளி, 1:10 புரியின் முறுக்கு ரைஃபிளையே ஒரு பக்கம் திருப்பி, அடுத்த குண்டுக்குள் பழைய இடத்துக்கு வந்து படுப்பதே பாடாகிவிட்டது. பலர் 200-க்கே திரும்பிவிட்டார்கள். 155-லிருந்து 200-க்கு வருவதே குண்டின் உந்தத்தில் 16 சதவீதம் அதிகம். முதல் நாள் தோள்பட்டை உங்களுக்கு நினைவூட்டும்.

இன்னொன்று: ஒரே ரைஃபிளில் இரண்டு பிரிவிலும் சுடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், 200-க்கு நீட்டிய தொண்டையில் 155 ரொம்பத் தூரம் தாவித்தான் புரியைப் பிடிக்க வேண்டியிருக்கும். சில குண்டுகள் அந்தத் தாவலைப் பொறுத்துக்கொள்ளும், சில முரண்டு பிடிக்கும். இரண்டு குழல் வைத்திருப்பவர்கள் உண்டு. முடிந்தால் பழைய குழலைத் தூக்கிப் போடாமல் எண்ணெய் பூசி வையுங்கள்.

இந்த வாரம் புரியை அளந்து எண்ணை எழுதி அனுப்புங்கள், 155 போட்டுச் சுட்ட 900 கெஜத்துப் பலகைக் குறிப்புகள் இரண்டு மூன்றையும் சேர்த்து. 200 கிரெயின் பெட்டியில் ஒன்று இன்னும் பிரிக்காமல் இருந்தால் கிளப்பில் 1:10 குழல் வைத்திருப்பவர் யாரென்று விசாரியுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். பிரித்த பெட்டியைப் பட்டறைக்காரருக்கு வெற்றுத் தோட்டா செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.